எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் அன்று

எரிமலை வெடித்து ஆறு நாட்கள் கழிந்த பின், மூச்சிரைப்போடும் சிவந்து வீங்கிய கண்களோடும் வந்த ஒருவரிடம், முகக்கவசம் அணிந்திருந்தீர்களா என்று கேட்டேன். “சாம்பலைக் கூட்டுவதற்கு எதற்கு டாக்டர் முகக்கவசம்?” என்றார். இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘சாம்பல்’ என்ற பெயரே ஏமாற்றுகிறது. விறகு எரிந்து மிஞ்சுவது மென்மையான பொடி. எரிமலைச் சாம்பலிலோ எதுவும் எரிந்திருக்கவில்லை. கற்குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் அழுத்தம் குறைந்ததும் விரிந்து அதைச் சிதறடிப்பதால் உண்டாகும், 2 மில்லிமீட்டருக்கும் குறைவான பாறைத் துகள்களும் கனிமப் படிகங்களும் கூர்மையான கண்ணாடிச் சில்லுகளும் சேர்ந்ததே அது. அது நீரில் கரையாது. கண்ணைக் கசக்கினால் கருவிழியைக் கீறும். அதிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும். (சிலிக்கா தூசியை நெடுங்காலம் சுவாசிப்பதால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்துவிட்டதோ என்று மறுநாளே பதறி வருவோரும் உண்டு. சில நாட்கள் சுவாசித்ததால் அந்நோய் வந்துவிடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குத்தான் உடனடி ஆபத்து.)

நனைந்தால் அதன் எடை வெகுவாகக் கூடும். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூனில் வெடித்தபோது, அதே நாளில் வந்த புயல்மழையில் சாம்பல் ஊறிக் கூரைகள் இடிந்து விழுந்ததே அப்போது நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். சாம்பலோடு நச்சும் வரலாம்: ஐஸ்லாந்தில் 1783இல் தொடங்கிய லாக்கி எரிமலை வெடிப்பில் வெளியான ஃபுளோரின் என்ற நச்சுப்பொருள் புல்லில் படிந்து, அந்நாட்டு ஆடுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மடிந்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர். எரிமலை மண் வளமானது என்பது உண்மைதான். ஆனால் அந்த வளம், சாம்பல் நெடுங்காலம் சிதைந்து மண்ணான பிறகே கிடைப்பது.

சாம்பல் விழும்போது வீட்டுக்குள் இருங்கள். வெளியே போயே ஆகவேண்டுமென்றால், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். துணியை நனைத்துக் கட்டுவதால் அதன் வடிகட்டும் திறன் கூடிவிடாது. இதை எத்தனை முறைதான் சொல்வது! கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணை நன்கு மூடும் கண்ணாடியை அணியுங்கள். உறுத்தினால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல், தண்ணீரை லேசாகத் தெளித்த பிறகு அள்ளுங்கள். கூரை மேல் மட்டும் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். வயதானவர்களே, தயவுசெய்து தனியாகக் கூரையில் ஏறாதீர்கள், சாம்பல் வழுக்கும். மூச்சுத்திணறலோடு வருபவர்களுக்குப் பக்கத்திலேயே இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது.