வாய்க்கால் இறாலுக்குச் சொந்த ஊர் எது?

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தடப்பள்ளி வாய்க்கால்ல பாசியைத் தூக்கினா கண்ணாடி மாதிரி சின்ன எறா துள்ளுதுங்க. இது பெரிய ஆத்து எறாவோட குஞ்சுங்களா, வேற சாதிங்களா?"

உடம்பின் நீளத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. வயிற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கிறது, ஆனால் வயிற்றடியில் முட்டைக் கொத்து ஒட்டியிருக்கிறது என்றால் அது குஞ்சு அல்ல, தாய். அடுத்தது கை. முன்னங்கைகள் குட்டையாக, நுனியில் மயிர்க்கற்றையோடு இருந்தால் கரிடினா வகை. அந்தக் கற்றையால் பாசியை வழித்து வழித்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஜோடிக் கை நீண்டு இடுக்கியோடு இருந்தால் மேக்ரோபிராக்கியம். பெரிய ஆற்று இறால்கள் இந்த வகைதான். அப்புறம் தலையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் மேலே எத்தனை பல், கீழே எத்தனை, கண்குழிக்குப் பின்னால் எத்தனை என்று எண்ணி இனத்தை நெருங்குவார்கள். ஒரே இனத்திலும் பல் கூடும் குறையும் என்பதால், ஒரே ஒரு இறாலை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது.

சரி, முட்டைக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். நன்னீர் இறால்களில் இரண்டு விதக் குடித்தனம் உண்டு. சில இனங்கள் கசகசா அளவில் கொஞ்சம் முட்டைதான் இடும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் கரு நிறைய இருக்கும். குஞ்சு உள்ளேயே ஏறக்குறைய முழுதாக வளர்ந்து, பொரிந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும். வேறு சில இனங்கள் பொடி முட்டைகளை ஆயிரக்கணக்கில் இடும். அவற்றில் பொரிவது இறால் வடிவத்திலேயே இருக்காது. தலைகீழாக, வாலை முன்னால் விட்டு நீந்தும் ஒரு துளி உயிர் அது. நன்னீரிலேயே கிடந்தால் சில நாட்களில் செத்துவிடும். ஆற்றோடு மிதந்துபோய் முகத்துவாரத்து உப்புக் கலந்த நீரைச் சேர வேண்டும். ரோசன்பெர்கி எனும் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுக்கு உப்பு தேவை என்பதை 1961இல் மலேசியாவில் ஷாவோ வென் லிங் கண்டுபிடித்தார். அது பதினொரு லார்வா (குஞ்சுப் பருவ) நிலைகளைக் கடந்து, இறாலாக உருமாறி, மறுபடி ஆற்றை எதிர்த்து ஏறும். ஈரமான கல்லைப் பற்றிக்கொண்டு தண்ணீருக்கு வெளியேகூட நகரும். கொடிவேரி மாதிரித் தாழ்வான தடுப்பணையில் அதற்கு ஏதோ ஒரு வழி கிடைக்கலாம். 1934இல் முடிந்த மேட்டூர் அணைச் சுவரில் என்ன வழி?

ஆக, எந்த இனம் எங்கே வாழும் என்ற வரைபடத்தில் பாதியை முட்டையின் அளவே சொல்லிவிடுகிறது. மேட்டூருக்கு மேலே ரோசன்பெர்கி வலையில் விழுந்தால், "இயற்கைப் பரவல்" என்று வரைபடத்தில் உடனே புள்ளி வைக்காமல், யாராவது குஞ்சு வாங்கித் தண்ணீரில் விட்டார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு: உப்பே காணாமல் ஏரியில் தலைமுறை தலைமுறையாக வாழப் பழகிய பொடிமுட்டை இனங்கள் சில நாடுகளில் இருக்கின்றன.

பண்ணையில் வளர்த்து விற்கும் இறாலுக்கு ஆராய்ச்சிப் பணம் எளிதில் கிடைக்கிறது. நொய்யலிலும் அமராவதியிலும் எந்தப் பொடி இறால் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் பணம் கேட்டால், "அதனால் என்ன லாபம்?" என்கிறார்கள். சாயக்கழிவு வருமுன் என்ன இருந்தது என்ற பட்டியல் இல்லாமல் எதை இழந்தோம் என்று எப்படிக் கணக்குப் போடுவது? இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் புரிவதே இல்லை.

வாசகர் செய்யக்கூடியது இது. உயிரோடு இருக்கும்போதே வெள்ளைத் தட்டில் விட்டுப் படம் எடுங்கள். பிறகு கெடாமல் வைக்கச் சாராயத்தில் (ஆல்கஹாலில்) போடுங்கள்; போட்டதும் நிறம் போய்விடும். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெடும். தேதி, இடத்தின் ஜிபிஎஸ், பாசியா மணலா, தண்ணீர் ஓடியதா தேங்கியதா என்பதைப் பென்சிலால் எழுதி, சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். வலை போட்டும் இறால் சிக்காத இடங்களையும் குறித்து அனுப்புங்கள், அதுவும் பதிவுதான்.