கேப்டனுக்குத் தெரியாததா?

1995-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்: வாயேஜர்’ தொடரின் முதல் கதையில், வெகுதொலைவில் சிக்கிக்கொண்ட தம் விண்கலத்தை ஊர் சேர்க்கக்கூடிய விண்நிலையத்தைத் தகர்க்குமாறு கேப்டன் கேத்ரின் ஜேன்வே உத்தரவிடுகிறார். அது போனால், மீதமிருக்கும் 70,000 ஒளியாண்டுத் தொலைவை முழு வேகத்தில் கடந்தாலும் 75 ஆண்டுகள் ஆகும். நிலையம் காஸோன் கூட்டத்தாரின் கையில் சிக்கினால் எளிய ஒக்கம்பா இனத்துக்கு ஆபத்து என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணம் நியாயமானதே. என்னை உறுத்துவது கலத்தின் கட்டளைத் தளத்தில் அடுத்து நடந்ததுதான். நம் எல்லாருக்குமாக முடிவெடுக்க இவர் யார் என்று கலத்திலிருக்கும் பெலானா டாரஸ் கொதிக்கிறார். அவர்தான் கேப்டன் என்று உடனிருக்கும் சக்கோட்டே சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. நேரம் குறித்த வெடிகுண்டைப் பொருத்திவிட்டுப் புறப்பட்டிருக்கலாமே என்று ரசிகர்கள் இன்றளவும் கேட்பதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

விமானப் பாதுகாப்புத் துறையில் இதனை ‘அதிகாரச் சாய்வு’ என்ற கருத்தால் விளக்குவார்கள். தலைவருக்கும் அடுத்தவருக்கும் இடையிலான சரிவு செங்குத்தாக இருந்தால், உத்தரவு கீழே உருண்டு வந்துவிடும். சந்தேகமோ மேலே ஏறாது. ‘அவருக்குத் தெரியாததா’ என்று எண்ணும் இளையவர், தம் கண் கண்டதையே நம்பத் தயங்குகிறார். வாய் திறந்தால் முகச்சுளிப்பு நிச்சயம், ஆபத்தோ வரலாம், வராமலும் போகலாம் என்பதால், எச்சரிக்கையைக் கூட ஒரு கேள்வியாக மென்மைப்படுத்தியே சொல்கிறார். யாரும் மறுக்காததைத் தலைவர் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். இப்படித் தலைவரின் உறுதியை இளையவரும், இளையவரின் மௌனத்தைத் தலைவரும் சான்றாகக் கொள்ள, உண்மையில் எவரும் சரிபார்க்காத ஒன்றில் அனைவரும் உறுதியாகிவிடுகிறார்கள்.

இது கதையில் மட்டும் நடப்பதன்று. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனரீஃபில், மூடுபனிக்குள் ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் இருந்தபோதே, கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 புறப்பாட்டு அனுமதியின்றி ஓடத் தொடங்கியது. வானொலிப் பேச்சைக் கேட்ட அதன் விமானப் பொறியாளர், அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொன்னார். நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளரான அவர்தான், அருகிலிருந்த துணை விமானிக்கு அந்த ரக விமானத்துக்கான தகுதித் தேர்வை நடத்தியவரும். அதற்கு மேல் எவரும் தடுக்கவில்லை. சில நொடிகளில் நேர்ந்த மோதலில் 583 பேர் இறந்தனர்.

இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து, விமானக் குழுவினருக்கான ஒருங்கிணைப்புப் பயிற்சி வளர்ந்தது. முதலில் கேட்பது, பிறகு எச்சரிப்பது, அடுத்து வெளிப்படையாக மறுப்பது, வேறு வழியே இல்லையென்றால் கட்டுப்பாட்டைத் தாமே ஏற்பது என்று இளையவருக்குப் படிப்படியாகக் கற்பிக்கிறார்கள். தம் கருத்தைச் சொல்லும் முன் மற்றவர் கருத்தைக் கேட்கக் கேப்டனுக்கும் பழக்குகிறார்கள்.

1996-இல் வந்த வாயேஜர் கதையொன்றில், ஆட்களை நொடியில் வேறிடத்துக்கு இடம்பெயர்க்கும் கருவியில் நேர்ந்த கோளாறால் இருவர் ஒருவராகக் கலந்து டூவிக்ஸ் உருவாகிறார். வாழவிடுங்கள் என்று அவர் மன்றாடியும், மீண்டும் இருவராகப் பிரிக்க ஜேன்வே முடிவெடுக்கிறார். டூவிக்ஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்து உதவி கேட்க, கட்டளைத் தளமே வாய் திறவாமல் இருக்கிறது. மருத்துவர் மட்டும், விருப்பமில்லாதவரின் உயிரைப் பறிக்கமாட்டேன் என்று நேருக்கு நேர் மறுக்கிறார். ஜேன்வே அதைத் தம் கையாலேயே செய்து முடிக்கிறார். மறுப்பு மேலே போய்ச் சேர்ந்தும் முடிவு மாறவில்லை. ஆனால் எல்லாரும் சம்மதித்தார்கள் என்று சொல்லிக்கொள்ள அதன் பிறகு அவருக்கு வழியில்லை.