அயர்னைச் சூடாக்கும் முன் மீட்டரை எடுங்கள்: சத்தம் வராத கிட்டார் பெடல் கிட்

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிதான் கிட்டார் பெடல். கிட் வாங்கி வீட்டிலேயே கட்டிய பெடலிலிருந்து சத்தம் வரவில்லை என்றதும் பலரும் செய்வது ஒன்றுதான். சால்டரிங் அயர்னை மறுபடி சூடாக்கி, கண்ணில் படும் இணைப்புகளையெல்லாம் வரிசையாக உருக்குகிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஐசியைப் பிடுங்குகிறார்கள். பழுது பார்க்க என் மேசைக்கு வரும் கிட் பெடல்களில் அசல் பிழை பெரும்பாலும் அற்பமானதாகவே இருக்கும். ஒரு வயர் இடம் மாறியிருக்கும், ஒரு டையோடு திரும்பியிருக்கும். அதைத் தேடுகிறேன் என்று உருக்கியதில் பெயர்ந்துபோன செம்புத் தடங்களை ஒட்டவைக்கத்தான் நேரமெல்லாம் போகிறது. எங்கே கோளாறு என்று தெரியாமல் பலகையில் சூட்டை வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

தேடலை அடாப்டரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். பிளக்கின் நடுமுனை மைனஸாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் மற்றக் கருவிகளின் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். அதைச் செருகினால், பாதுகாப்பு டையோடு உள்ள கிட்டில் அந்த டையோடு சூடேறித் தன்னைப் பலிகொடுத்துவிடும். அது ஷார்ட் ஆகிவிட்டால் பிறகு சரியான அடாப்டரைக் கொடுத்தாலும் பெடல் எழுந்திருக்காது. டையோடை மட்டும் மாற்றுங்கள், மற்றவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். தலைகீழாகப் பொருத்திய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இதைவிட ஆபத்தானது. சூடாகி, வீங்கி, வெடிக்கவும் கூடும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது முகத்தைப் பலகைக்கு மேலே வைத்துக்கொண்டு குனியாதீர்கள்.

சோதனைக்குப் புதிய 9 வோல்ட் பேட்டரியே நல்லது. அடாப்டரால் வரும் இரைச்சலை அது விலக்கிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பேட்டரிக்கு இடமுள்ள பெடல்களில் உள்ளீட்டு ஜாக் பெரும்பாலும் மூன்று தொடர்புள்ள ஸ்டீரியோ ஜாக். கிட்டார் கேபிளைச் செருகினால்தான் பேட்டரியின் மைனஸ் சுற்றோடு சேரும். கேபிள் இல்லாமல் விளக்கு எரியாதது கோளாறு அல்ல.

அடுத்து பைபாஸ், அதாவது எஃபெக்டை அணைத்ததும் ஒலி பலகையைத் தொடாமல் நேரே போகும் வழி. ட்ரூ பைபாஸ் பெடல் என்றால் மின்சாரம் இல்லாவிட்டாலும் கிட்டாரின் ஒலி அப்படியே கடந்து போக வேண்டும். போகவில்லையா? பலகையைத் தொடாதீர்கள், பிழை ஜாக்கிலோ, மிதித்து இயக்கும் ஃபுட்ஸ்விட்சிலோ, வயரிலோ இருக்கிறது. ஒன்பது கால் ஸ்விட்சை 90 டிகிரி திருப்பி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்விட்சின் காலில் அயர்னை நீண்ட நேரம் அழுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் இளகித் தொடர்புகள் நகராமல் போவதும் உண்டு. விளக்கு எரிகிறதே என்று பலர் நம்பிவிடுகிறார்கள். விளக்குக்கு மின்சாரம் போகிறது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை.

பைபாஸ் சரி, எஃபெக்ட் மட்டும் ஊமை என்றால் மல்டிமீட்டர். கறுப்பு முனையைக் கிரவுண்டில், அதாவது சுற்றின் மைனஸ் இணைப்பில் பிடியுங்கள். டிஎல்072, 4558 போன்ற எட்டுக் கால் ஆப்-ஆம்ப் ஐசி (உள்ளே இரண்டு பெருக்கிகள் கொண்டது) இருந்தால், வழக்கமான 9 வோல்ட் சுற்றில் 8-ஆம் காலில் சுமார் 9 வோல்ட், 4-ஆம் காலில் பூஜ்யம், மற்ற ஆறிலும் சுமார் 4.5 வோல்ட் வர வேண்டும். 1 அல்லது 7-ஆம் கால் 9-க்கோ பூஜ்யத்துக்கோ அருகில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பாதியைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையும் இணைப்புகளையும் பாருங்கள்.

இங்கேதான் நல்ல ஐசிகள் அநியாயமாகக் குப்பைக்குப் போகின்றன. 3-ஆம் காலுக்கு 4.5 வோல்ட் பெரும்பாலும் 1 மெகாஓம் போன்ற பெரிய ரெசிஸ்டர் வழியாக வருகிறது. மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம் என்றால் அந்தக் காலில் 4.1 வோல்ட்தான் தெரியும். விலை குறைந்த சில மீட்டர்களில் அது வெறும் 1 மெகாஓம், அவை 2.25 வோல்ட் என்று காட்டும். சுற்று சரியாகவே இருக்கிறது. அளக்கும் கருவிதான் மின்னழுத்தத்தை இறக்குகிறது. 1-ஆம் கால் 4.5-இல் நிற்கிறது என்றால் 3-ஆம் காலின் குறைந்த அளவைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

டிரான்சிஸ்டரில் கால் வரிசையைச் சரிபாருங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழ்நோக்கி இருந்தால் 2என்3904-க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி549-க்கு நேர்மாறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால், பலகையில் அச்சிட்ட வடிவத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பியே பொருத்த வேண்டும்.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால், ஒலி சுற்றில் எதுவரை வருகிறது என்று காதால் கேட்க உதவும் ஆடியோ புரோப் செய்துகொள்ளுங்கள். இந்த வேலையில் இதற்கு இணையான கருவி வேறில்லை. பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, நடுக்கம்பியில் 104 என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேருங்கள். வெளிக்கம்பியைப் பெடலின் கிரவுண்டில் பிணையுங்கள். மறுமுனை ஆம்ப்ளிஃபயருக்கு, ஒலியளவைக் குறைத்து. பெடலின் உள்ளீட்டில் ஏதாவது பாட்டை ஓடவிட்டு, கெப்பாசிட்டரின் மறுகாலால் சுற்றைப் பின்தொடருங்கள். ஜாக்கில் கேட்கிறது, முதல் கெப்பாசிட்டரின் இந்தப் பக்கம் கேட்கிறது, அந்தப் பக்கம் கேட்கவில்லை. பிழை அந்த இடைவெளியில்தான், அநேகமாக ஈயம் ஒட்டாத காலில். அங்கே மட்டும் அயர்னை வைத்து, ரோசின் ஃபிளக்ஸ் தொட்டு, இரண்டு மூன்று நொடிகளில் எடுத்துவிடுங்கள். குழாய் வேலைக்கான அமில ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம், அது தடங்களை அரித்துவிடும். காரீயம் கலந்த ஈயம் என்றால் சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

இந்தப் புரோப் 9 வோல்ட் பெடலுக்கு மட்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து இதை நுழைக்காதீர்கள். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கலாம். அது உயிரை எடுக்கும்.

பெட்டிக்கு வெளியே பாடி, உள்ளே வைத்ததும் ஊமையாகும் பெடலில் பலகை குற்றவாளி அல்ல. வால்யூம் கன்ட்ரோலின் உலோக முதுகு பலகையின் ஈய முனைகளை இடிக்கிறதா என்று பாருங்கள். கேபிளைச் செருகிய நிலையிலும் பாருங்கள். பிளக் நுழையும்போது ஜாக்கின் தகடு வெளிப்புறம் நகர்ந்து பெட்டியின் சுவரைத் தொடக்கூடும். இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும்.

யாரிடமாவது உதவி கேட்பதானால், பேட்டரியின் வோல்ட் அளவு, ஐசியின் ஒவ்வொரு காலிலும் வந்த வோல்ட், புரோபில் ஒலி எந்த இடம்வரை கேட்டது, பகல் வெளிச்சத்தில் பலகையின் இரு பக்கமும் எடுத்த படம் ஆகியவற்றைக் கொடுங்கள். ‘சத்தம் வரவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் பிழையைக் காட்ட முடியாது.