மரபணு வேறு, டி.என்.ஏ. வேறு

விபத்துச் செய்தி எதுவானாலும், 'உடலை அடையாளம் காண இயலாத நிலையில்' என்று தொடங்கும் வாக்கியம் 'மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பப்பட்டது' என்றே முடிகிறது. உண்மையில் அங்கே நடப்பது டி.என்.ஏ. பரிசோதனை. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள், அப்படியொரு செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு, "மாமா, மரபணுவுக்குள்ளே டி.என்.ஏ. இருக்கா, டி.என்.ஏ.வுக்குள்ளே மரபணு இருக்கா?" என்று கேட்டாள். பாடநூலில் சரியாகப் படித்ததைச் செய்தி வாசிப்பாளர் ஒரே வரியில் குழப்பிவிட்டார்.

'ஜீன்' என்ற சொல்லை 1909-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஹூகோ டி விரீஸ் பயன்படுத்திய 'பான்ஜென்' என்பதன் வாலை மட்டும் அவர் வெட்டி எடுத்துக்கொண்டார். வேர், பிறப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழில் மரபு, அணு என்ற இரண்டையும் சேர்த்து மரபணு என்றோம். இலங்கைத் தமிழில் பரம்பரையலகு என்பர்.

யோஹான்சன் அந்தச் சொல்லை ஆக்கியபோது, ஜீன் எந்தப் பொருளால் ஆனது என்பது யாருக்கும் தெரியாது. பட்டாணிச் செடியின் உயரமோ விதையின் நிறமோ தலைமுறை தோறும் எப்படிப் பிரிந்து இறங்குகிறது என்பதைக் கணக்கிட ஓர் அலகு தேவைப்பட்டது. அந்த அலகுக்கு இட்ட பெயர்தான் ஜீன். டி.என்.ஏ. வந்த வழியே வேறு. சுவிட்சர்லாந்து ஆய்வாளர் பிரீட்ரிக் மீஷர் 1869-இல், காயம் கட்டிய துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து, செல்லின் உட்கருவில் உள்ள ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அந்தப் பொருளே மரபுச் செய்தியைச் சுமக்கிறது என்பதை அமெரிக்காவில் ஆய்வு செய்த ஆஸ்வால்ட் ஏவரியும் உடன் உழைத்தவர்களும் 1944-இல்தான் காட்டினார்கள். ஆக, ஒன்று அலகின் பெயர், மற்றொன்று பொருளின் பெயர். டி.என்.ஏ. கல் என்றால் மரபணு அதில் பொறித்த கல்வெட்டு. எழுத்தே இல்லாத பாறையையும் கல்வெட்டு என்று யாராவது சொன்னால் தொல்லியலார் சும்மா இருப்பார்களா?

அந்த உவமையை நான் மிகைக்காகச் சொல்லவில்லை. மனித டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 300 கோடி இணை எழுத்துகள், அதாவது இணை இணையாக அமைந்த வேதி அலகுகள், உள்ளன. அவற்றில் புரதத்துக்கான குறிப்பாக அமைந்தவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அடையாளம் காணும் ஆய்வகம், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்த மாதிரியில், நான்கைந்து எழுத்துகள் கொண்ட துணுக்கு திரும்பத் திரும்ப வரும் சில இடங்களைத் தேடி, அது ஒருவரிடம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறது. அந்த இடங்கள் பெரும்பாலும் புரதக் குறிப்பு இல்லாத பகுதிகளில் இருப்பவை. நாம் 'மரபணுப் பரிசோதனை' என்று எழுதும் சோதனை, மரபணு எதையும் படிப்பதற்காகச் செய்யப்படுவதே அல்ல. ஒரு குறிப்பிட்ட நோய்க்கான ஜீனைத் தேடும் சோதனைக்கு அந்தப் பெயர் முற்றும் பொருந்தும். அதற்கென்று இருக்க வேண்டிய சொல்லை இதற்குக் கொடுத்துவிட்டால், நாளை அதை என்ன சொல்லி அழைப்போம்?

"டி.என்.ஏ. ஆங்கிலச் சுருக்கம், மரபணு நல்ல தமிழ்" என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். தூய தமிழில் எனக்கும் பற்று உண்டு. அணு என்பதே வடசொல் என்ற சண்டையை இங்கே இழுக்கவும் விரும்பவில்லை. ஒரு பொருளுக்குத் தமிழ்ப் பெயர் இல்லையென்றால் புதிதாக ஆக்கலாம், அல்லது வந்த பெயரையே தமிழ் எழுத்தில் எழுதலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை எடுத்து இதற்கு இடுவது சொல்லாக்கம் ஆகாது. அணு என்ற பின்னொட்டு ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கிறது. இயற்பியலில் அது ஒன்றைக் குறிக்கிறது. உயிரணு, விந்தணு, சிவப்பணு என்னும்போது முழுச் செல்லையே குறிக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லாததால் அங்கே மரபணு இல்லை என்ற எளிய செய்தியைச் சொல்வதற்குள் மாணவர் மூன்று அணுக்களில் சிக்கிக்கொள்கிறார். ஆனாலும் மரபணு வேரூன்றிவிட்டது. ஜீனுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

இந்தத் தளர்ச்சி பரிசோதனையோடு நிற்பதில்லை. 2010-இல் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரிக்காயை 'மரபணுக் கத்தரிக்காய்' என்று எழுதியவர்கள் உண்டு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் ஜீனைப் புகுத்திய கத்தரி அது. மரபணு மாற்றிய கத்தரி என்றால் விளங்கும். மற்றபடி, கொல்லையில் காய்க்கும் கத்தரிக்கும் மரபணு இருக்கத்தான் செய்கிறது. டவுன் நோய்க்குறியையும் 'மரபணுக் கோளாறு' என்றே எழுதுகிறார்கள். அங்கே ஒரு ஜீன் பழுதாவதில்லை, பெரும்பாலோரிடம், டி.என்.ஏ. சுருண்டு அமைந்த இழைகளான குரோமோசோம்களில் 21-ஆவது முழுதாக ஒன்று கூடுதலாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது மேடைத் தமிழ். 'வீரம் எங்கள் மரபணுவிலேயே இருக்கிறது' என்பது ஆங்கில விளம்பர வாசகத்தின் நிழல். ஆங்கிலத்தில் அங்கே இருந்தது டி.என்.ஏ.; அதையும் வழக்கம்போல மாற்றிவிட்டார்கள். 'இரத்தத்தில் ஊறியது' என்று நம்மிடம் ஏற்கெனவே உண்டு, இரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் ஆய்வகமும் அதை வெள்ளணுக்களிலிருந்துதான் எடுக்கிறது.