மைக் கூவுவதும் வதந்தி பரவுவதும்: ஓர் ஒலி அமைப்பாளரின் குறிப்பு

செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் சேர்ந்த பகுதியில், ஒலி அமைப்பது, திறந்த மைதானத்தில் அமைப்பதைவிடக் கடினமான வேலை. சுவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து வழுவழுப்பாக இழைக்கப்பட்டவை. தரை ஆத்தங்குடிக் கல். ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் அங்கே ஏறத்தாழ எதுவும் இல்லை. சாந்திக் கல்யாணம் எனப்படும் அறுபதாம் கல்யாணத்தில் வாழ்த்திப் பேச வருபவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் இரண்டடி நகர்ந்தாலே வீடு முழுவதும் ஊளை கிளம்பிவிடும். காரைக்குடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் நம்பித் தொழில் செய்யும் எனக்கு, அந்த ஊளைக்கு இயற்பியல் தரும் விளக்கம் வாட்ஸ்அப் வதந்திகளுக்கும் பெருமளவு பொருந்துவதாகத் தோன்றுகிறது.

மைக் வாங்கிய ஒலி ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வெளிவந்து, மீண்டும் அதே மைக்கில் விழுகிறது. இப்படி ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது அது முன்னிருந்ததைப்போல எத்தனை மடங்காக இருக்கிறது என்பதே சுற்றுப் பெருக்கம். அது 0.5 ஆக இருந்தால் எல்லாச் சுற்றுகளையும் கூட்டினாலும் மூல ஒலி இரண்டு மடங்குதான் ஆகும். 0.9 என்றால் பத்து மடங்கு, 0.95 என்றால் இருபது மடங்கு. ஒன்றைத் தாண்டிவிட்டாலோ கூட்டுத்தொகைக்கு முடிவே கிடையாது. 1.1 என்ற பெருக்கத்தில் ஐம்பது சுற்றுகளுக்குள் ஒலி சுமார் 117 மடங்காகிவிடும். பெட்டிக்கும் மைக்குக்கும் இடையே 3.4 மீட்டர் இருந்தால் ஒரு சுற்றுக்கு நொடியின் நூறில் ஒரு பங்கே பிடிக்கும் என்பதால், இவ்வளவும் அரை நொடியில் நடந்து முடிகிறது. மிக்ஸருக்கு நான் கையை நீட்டுவதற்குள் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரால் அதற்குமேல் கொடுக்க முடியாத நிலையில்தான் வளர்ச்சி நிற்கிறது. ஊரில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வதந்தி ஓய்வதும் இவ்வகையான ஓய்வே அன்றி, யாரும் தெளிவு பெற்றதால் வந்த ஓய்வன்று.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் பார்க்ஹவுசன் 1921இல் வகுத்தபடி, சுற்றி வந்த அலை மூல அலையோடு ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒத்துச் சேர்ந்தால்தான் அலைவு நிலைக்கும். எனவே பேசுபவரின் குரலில் பல அதிர்வெண்கள் இருந்தாலும், அந்த அறையின் அளவுக்கும் சுவருக்கும் மைக் நிற்கும் இடத்துக்கும் பொருந்துகிற ஒன்றிரண்டு மட்டுமே ஊளையாக வளர்கின்றன. யார் பேசினாலும் அந்த வளவு அதே சுருதியில்தான் கூவும். ஒரு குழுவில் எந்தச் செய்தி பெருகும் என்பதையும் அதன் உண்மையைவிட, அந்தக் குழுவினரிடம் ஏற்கெனவே இருக்கும் அச்சமும் பெருமிதமும் கோபமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. 2018இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வொன்று, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது.

நம் பகுதிக்கு இதில் ஒரு தனி இடர் இருக்கிறது. நகரத்தார் குடும்பங்கள் காரைக்குடி, சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பரந்திருப்பதாலும், ஒருவரே பங்காளிகள் குழு, கோவில் குழு, ஊர்க்குழு, பள்ளித் தோழர் குழு என்று பலவற்றில் இருப்பதாலும், இங்கிருந்து கிளம்பிய குரல் பதிவு மலேசியா போய்ச் சென்னை வழியாக இரண்டே நாளில் திரும்பிவிடுகிறது. திரும்பி வந்ததைப் பார்க்கும் ஆச்சி, "சிங்கப்பூரிலிருந்தும் இதையேதான் சொல்கிறார்கள்" என்று அதைத் தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். தன் குரலையே மைக் மீண்டும் வாங்குவதும் இதுவும் வேறல்ல. எங்கள் தொழிலில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், கூவலுக்கு முன் கிடைக்கும் ஒலியளவில் 3 டெசிபல் குறையும் என்பது அடிப்படைக் கணக்கு. ஒருவர் எத்தனை குழுக்களில் இருக்கிறாரோ அத்தனை மைக்குகள் திறந்திருக்கின்றன என்றே நான் கொள்வேன்.

விளைவு ஊளையோடு முடிவதில்லை. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர், பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய வதந்தியை நம்பிய கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அந்த வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பகிர்வு 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. செய்தியின் உள்ளடக்கத்தை யாரும் தொடவில்லை. பெருக்கத்தை மட்டும் குறைத்தார்கள்.

"நான் ஒருவன் அனுப்பாவிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது. ஒரு செய்தியை அனுப்பும் ஒவ்வொருவரும் சராசரியாகப் புதிதாக 1.1 பேரை அனுப்பவைத்தால் அது ஊர் முழுக்கப் பரவும். அனுப்புபவர்களில் ஐந்தில் ஒருவர் மட்டும் விலகிக்கொண்டால் 1.1 என்பது 0.88 ஆகிறது, அப்போது ஒருவர் தொடங்கிய சங்கிலி சராசரியாக எட்டுப் பேரைச் சற்றே தாண்டியதும் ஓய்ந்துவிடும். ஐந்தில் நால்வர் திருந்தவே வேண்டியதில்லை.

மறுப்புச் செய்தி போடுவதையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். வெளிவரும் அலையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால் ஆம்ப்ளிஃபயர் நிதானப்படும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் 1927இல் கண்டார். இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். ஆனால் தாமதம் மிகுந்து அரை அலை அளவுக்குப் பிந்தி வந்தால், அடக்க வேண்டிய அதுவே வளர்க்கும் பின்னூட்டமாக மாறிவிடும். வதந்தி அடங்கி ஒரு வாரம் கழித்து, அந்தப் பழைய படத்தையே மேலே போட்டு, கீழே சிறிய எழுத்தில் "இது பொய்" என்று பகிர்பவர் செய்வது இதுதான். படம் மீண்டும் சுற்றுக்குள் வருகிறது, கீழே எழுதியது வழியிலேயே வெட்டுப்பட்டுவிடுகிறது. மறுப்பு முதல் சில மணி நேரத்துக்குள், வதந்தி வந்த அதே குழுவில், பழைய படமோ குரல் பதிவோ இல்லாமல், நடந்த உண்மையை முதல் வரியாகக் கொண்டு வர வேண்டும். அந்த நேரம் தவறிவிட்டதென்றால், கேட்பவருக்குத் தனியே விளக்குவதே மேல்.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. எங்கள் வளவில் யாரும் கூவ வேண்டுமென்று ஒலியை ஏற்றுவதில்லை. இணையத்தில் அதற்கென்றே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகத் தொடர்பில்லாத காணொளிகளைப் பரப்பியவர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிய வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களைத் தனிமனித நிதானம் தடுக்காது என்றாலும், அவர்கள் தொடங்கியது நம் குழுவுக்குள் எந்தப் பெருக்கத்தில் சுற்றும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. கூவல் வந்தால் நான் முதலில் எல்லா மைக்கையும் அடைத்துவிட்டு, பேசுபவருடையதை மட்டும் திறப்பேன். குழு நிர்வாகிக்கும் அந்த வசதி உண்டு: அமைப்புகளுக்குள் சென்று, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றி வைத்தால், குழந்தைக் கடத்தல், வங்கி மூடல், கலவரம் போன்ற செய்தி வந்த அன்று ஒரு நாள் அப்படியே விட்டுவைக்கலாம். வீட்டு விசேஷ அறிவிப்புகளை நிர்வாகியிடம் சொன்னால் அவரே போட்டுவிடுவார்.