தவளை எப்போது தாவலாம்?

பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்காக ரப்பர் பால்வெட்டு பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்து, "மாமா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினாள். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் எங்கே திரும்பினாலும் ரப்பர்த் தோட்டம்தான். அவள் அப்பாவே பால்வெட்டுத் தொழிலாளி. விஷயம் தெரியாமல் எழுதிவிட்டாள் என்று சொல்ல வழியே இல்லை. அவள் எழுதியிருந்தது இது:

"ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது கடினமான வேலை. ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். சிரட்டையில் பால் சேரும். மழை பெய்தால் வெட்ட முடியாது. அதிகாலையிலேயே போக வேண்டும். பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும். ஒட்டுப்பாலையும் எடுப்பார்கள். அது கறுத்துவிடும். என் அப்பா 20 வருடமாக இந்த வேலை செய்கிறார்."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனாலும் வாசித்து முடித்தபோது மனதில் ஒன்றும் தங்கவில்லை. வெளித்திண்ணையில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த அவள் அப்பாவிடம் போய் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் கேட்டார், யோசித்தார், அப்புறம் சொன்னார்:

"எல்லாம் சரிதான் மக்களே. ஆனா மரத்துப் பக்கமே போகல, அதுக்குள்ள ஆசிட்ட ஊத்திட்டியே?"

முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவர் மனம் தோட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே மரத்தடியில் நின்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கிறார். வந்ததோ, வேலை கடைசியில் முடிகிற இடம். அங்கே ஓடுகிறார். உடனே மூன்றாவது வாக்கியம் அவரைத் திரும்பவும் மரத்தடிக்கு இழுக்கிறது. தொழில் தெரிந்தவர் என்பதால் அவரால் இப்படி ஓடி ஓடி ஈடுகொடுக்க முடிந்தது. ரப்பர்த் தோட்டத்தையே பார்க்காத, பூவுக்குப் பேர்போன தோவாளைப் பக்கத்துக்காரர் ஒருவர் இந்தப் பத்தியை வாசித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே வழி தவறிவிடுவார்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு உளவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. வாசிக்கும்போது நம் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓர் இடத்தில் ஏறத்தாழ கால் நொடி நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. சில சமயம் பின்னாலும் தாவுகிறது. ஆங்கிலம் வாசிக்கும் பெரியவர்களிடம் அளந்து பார்த்தபோது, தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கியே இருந்தது. எழுத்து குழப்பமாக இருந்தால் இது கூடுகிறது. கண் இப்படித் துண்டு துண்டாகக் கொண்டுவருவதை எல்லாம் மனம் ஓர் இடத்தில் வைத்துக் கோக்க வேண்டும். அந்த இடத்தைச் செயல் நினைவகம் என்கிறார்கள். அது வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956இல் அதில் ஏழு பொருள் வரை நிற்கும், அதற்கு ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம் என்று எழுதினார். நெல்சன் கோவன் 2001இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்து, உண்மையில் நான்கு அளவில்தான் நிற்கும் என்றார்.

நான்கு! அந்தப் பெண்ணின் பத்தியில் ஒன்பது வாக்கியங்கள். ஒன்றோடொன்று சேராத ஒன்பது பொருள்களை நான்கு பொருள் கொள்ளும் கையில் ஏந்தச் சொல்கிறோம். ஐந்தாவது வரும்போது முதலாவது நழுவிவிடுகிறது.

அப்படியானால் நீளமான கட்டுரைகளை எப்படித்தான் வாசிக்கிறோம்? பொருள்களைச் சேர்த்துக் கட்டுவதால்தான். கட்டிய கட்டு, உள்ளே எத்தனை இருந்தாலும், ஒரு பொருளாகவே கணக்கு. எங்கள் மாவட்டத்தில் பூக்கட்டுகிறவர்கள் இதைக் கையால் செய்கிறார்கள். உதிரிப் பூவை அள்ளி ஒருவர் கையில் கொடுத்தால் பாதி தரையில் விழும். அதையே நாரில் கட்டிக் கொடுத்தால் இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு போகலாம். பத்திக்கு அந்த நார் எது என்பதுதான் கேள்வி.

நாரில் ஒரு பாதி, வாசகர் முன்கூட்டியே அறிந்திருக்கும் தலைப்பு. ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972இல் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் பொருள்களை வகைவகையாகப் பிரிக்க வேண்டும், ஒரே நேரத்தில் அதிகமாகப் போடக்கூடாது, முடிந்த பிறகு மறுபடி பிரித்து வைக்க வேண்டும் என்கிற மாதிரி போகும் ஒரு பத்தியை எடுத்தார்கள். ஒரு குழுவுக்கு இது எதைப் பற்றியது என்று சொல்லவே இல்லை. இன்னொரு குழுவுக்கு, கேட்டு முடித்த பிறகு சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்: துணி துவைப்பது. முன்பே தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விஷயங்களை நினைவில் வைத்திருந்தார்கள். கடைசியில் தலைப்பைக் கேட்டவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "அட, துணி துவைக்கிறதா!" என்று அவர்களுக்குத் தோன்றும்போது பத்தி ஏற்கெனவே நழுவிப் போயிருந்தது.

அந்தப் பெண்ணின் பத்திக்குத் தலைப்பு இருந்தது, முதல் வாக்கியமும் இருந்தது. எனக்கு உறுத்தியது வேறு. "கடினமான வேலை" என்று முதல் வாக்கியம் சொன்னால், எந்த விதத்தில் கடினம் என்பதை வாசகர் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தக் கேள்வியில் தொங்கவிடப் பார்ப்பார். ஃபார்மிக் அமிலத்தை அதில் எங்கே தொங்கவிடுவது? முதல் வாக்கியம் ஒரு வாக்கு கொடுத்தது, பத்தி அதைக் காப்பாற்றவில்லை. பள்ளியில் கருப்பொருளை முதல் வாக்கியத்தில் சொல் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். சரிதான். ஆனால் பலரும் அதைச் சடங்காகச் செய்துவிட்டு, அடுத்த வாக்கியத்திலிருந்து வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

நாரின் மறுபாதி, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையே போடுகிற முடிச்சு. 1974இல் ஹாவிலண்டும் கிளார்க்கும் வாசகர்களுக்கு இரண்டிரண்டு வாக்கியங்களாகக் கொடுத்து நேரத்தை அளந்தார்கள். "வண்டியின் பின்பெட்டியிலிருந்து பியரை எடுத்தோம். பியர் சூடாக இருந்தது." இதில் இரண்டாவது வாக்கியம் சட்டென்று புரிந்தது. "சுற்றுலாவுக்குக் கொண்டுபோன சாமான்களைப் பார்த்தோம். பியர் சூடாக இருந்தது." இங்கே அதே இரண்டாவது வாக்கியத்துக்கு அதிக நேரம் பிடித்தது. சாமான்களுக்குள் பியரும் இருந்திருக்க வேண்டும் என்று வாசகர் தானாக ஒரு பாலம் கட்ட வேண்டியிருந்தது. ஒரு பாலம் என்றால் நொடியில் சிறு பங்குதான். பத்தி முழுக்க வாசகரே கட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் களைத்துவிடுவார். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போவதுதான் மனதுக்குச் சுலபமான நடை.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து பத்தியை மறுபடி கட்டினோம். "உண்மையில உனக்குச் சொல்ல வேண்டியது என்ன?" என்று கேட்டேன். "ஏன் விடியறதுக்கு முன்னாடியே அப்பா போறாங்கங்கிறதுதான்" என்றாள். அப்படியானால் பத்தி அதற்கு உரியது. இப்படி வந்தது:

"பால்வெட்டில் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. இரவில் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறாததால், அதிகாலையில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். அந்த அழுத்தம் குறைவதற்குள் பட்டையைச் சாய்வாகச் சீவிவிட வேண்டும். சீவிய கோட்டில் பால் வழிந்து, மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் சொட்டும். வெயில் ஏற ஏறச் சொட்டுவது குறைந்து, சில மணி நேரத்தில் வெட்டிய இடம் தானாக அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் சிரட்டைப் பாலை எடுத்து, அமிலம் சேர்த்து உறைய வைப்பார்கள்."

அழுத்தம் என்று முடிந்த இடத்தை அடுத்த வாக்கியம் "அந்த அழுத்தம்" என்று பிடிக்கிறது. சீவியது கோடாகிறது, சிரட்டையில் சொட்டியது சிரட்டைப் பாலாகிறது. முன்பு தனியாகக் கிடந்த அமிலம், இப்போது வர வேண்டிய நேரத்தில் வந்து நிற்கிறது. மழைக்கும், வெட்டிய கோட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்துபோகிற ஒட்டுப்பாலுக்கும் இந்தப் பத்தியில் இடமில்லை. மழை தனிப் பத்தி கேட்கிறது. நனைந்த பட்டையில் பால் கோட்டைவிட்டு வழிந்து வீணாவதைச் சொல்ல வேண்டும், அப்புறம் மழைக்கு மரத்தில் கட்டும் பிளாஸ்டிக்கையும் சொல்ல வேண்டும்.

வாக்கியங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்பதை நம் இலக்கணக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், சூத்திரங்களை அடுக்குவதற்கு நான்கு விதம் சொல்கிறது. ஆற்றொழுக்கு: ஆற்று நீர் போல இடைவெட்டு இல்லாமல் ஓடுவது. அரிமா நோக்கம்: நடக்கிற சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பது போல, இருபக்கமும் தொடர்பு கொண்டு நிற்பது. தவளைப் பாய்த்து: இடையில் உள்ளதைத் தாண்டி அப்பால் உள்ளதோடு சேர்வது. பருந்தின் வீழ்வு: மேலிருந்து பாய்ந்து, வேண்டியதைக் கொத்திக்கொண்டு போய்விடுவது. அவர் பேசியது சூத்திரத்தைப் பற்றி. ஆனால் பத்தியைத் திருத்த உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த நான்கும்தான் கண்ணில் நிற்கின்றன. அந்தப் பெண்ணின் முதல் பத்தி முழுக்கத் தவளைகள். தவளைத் தாவல் தவறே இல்லை. எங்கே போய் இறங்கும் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். ஆறு ஓடிக்கொண்டிருக்கும் பத்தியில் ஒரு தவளை தாவினால் அழகு, ஒன்பதும் தாவினால் வாசகர் கரையிலேயே நின்றுவிடுவார்.

ஆங்கிலத்தில் வரும் எழுத்துப் பாடங்கள் சொல்லாத இரண்டு சங்கதிகள் தமிழில் உண்டு. ஒன்று, நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இதைப் பாருங்கள்: "முன்பு எங்கள் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த, இப்போது திருவட்டாறில் கடை வைத்திருக்கிற, அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஒருவரை நேற்று சந்தையில் பார்த்தேன்." யாரைப் பற்றிய பேச்சு என்பது தெரிவதற்குள் மூன்று சுமை. வினை வரும்வரை எதையும் இறக்கி வைக்க முடியாது. "நேற்று சந்தையில் அம்மாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தேன். முன்பு எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது திருவட்டாறில் கடை வைத்திருக்கிறார்." இப்போது ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் ஒரு சுமைதாங்கி. வேற்றுமை உருபுகள் நமக்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன, "ஒருவரை" என்றதுமே அவரை என்னவோ செய்யப் போகிற வினை வருகிறது என்று மனம் தயாராகிவிடும். ஆனால் அந்த உருபு வந்து சேரவே பாதி வாக்கியம் ஆகிவிட்டால் என்ன செய்வது?

இன்னொன்று, தமிழ் எழுவாயைத் தாராளமாக விட்டுவிடும். விட்டதை முந்தைய வாக்கியத்திலிருந்து வாசகர் எடுத்துப் போட்டுக்கொள்வார். ஒரே பொருளைப் பற்றி ஓடும் பத்தியில் இது பெரிய வசதி. பொருள் மாறும்போது இதுவே குழி. "பட்டையைச் சீவினால் பால் வரும். மழை பெய்தால் கெட்டுவிடும்." எது கெட்டுவிடும், பட்டையா பாலா? எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் அவர் கண்ணில் இந்தப் பிழை படுவதில்லை. "அது கறுத்துவிடும்" என்பதிலும் எனக்கு இதே தயக்கம் வந்தது. "அது" என்று எழுதும்போதெல்லாம், விரலை முந்தைய வாக்கியத்தில் வைத்து, எது என்று காட்ட முடிகிறதா என்று பார்க்கலாம்.

பத்தி பிரிக்கிற வழக்கமே நமக்குப் புதிதுதான். ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் சொல்லுக்குச் சொல் இடம் விடவில்லை. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்கவில்லை. செய்யுளின் அடியும் சீரும் எதுகையும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. 1578இல் பக்கத்துக் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலிலும் மிஷன் அச்சுக்கூடம் வந்துவிட்டது. அச்சோடு உரைநடை பெருகியது, உரைநடையோடு முற்றுப்புள்ளியும் பத்தியும் பழகின. எதுகை இல்லாத இடத்தில் வாசகருக்கு மூச்சுவிட வேறு திண்ணை வேண்டியிருந்தது. இன்று கைபேசித் திரையில் வாசிப்பதால் இன்னும் குட்டைக் குட்டையாக வெட்டுகிறோம். வெட்டுவதில் தப்பில்லை. ஆனால் வாக்கியத்துக்கு ஒரு பத்தி போட்டால் நார் அறுந்து, பூ மறுபடியும் உதிரியாகிவிடும்.

தொல்காப்பியப் பாயிரம் அந்த நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் "அரில் தப" ஆராயப்பட்டது என்கிறது. விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் அவர் ஊர் என்று எங்கள் மாவட்டத்தில் பெருமையோடு சொல்வார்கள். அரில் என்றால் குற்றம். புதர்க்கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிக்கலுக்கும் அதே சொல்தான். அந்த ஆசானைப் போல ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்து வாய்விட்டு வாசித்தால், கொடி எங்கே பின்னிக் கிடக்கிறது என்பது நாக்கு தடுமாறும் இடத்தில் தெரிந்துவிடும். கண் தாண்டிப் போவதைக் காது விடாது.

அவளும் புதுப் பத்தியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை அவர் கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். முடிந்ததும், "நான் 20 வருசமா போறேன்னு எழுதியிருந்தியே, அத எங்க?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் அதை இரண்டு இடங்களில் எழுதிப் பார்த்தாள், இரண்டையும் அழித்தாள். கடைசியில் மேலே கொண்டுபோய் முதல் வாக்கியமாக வைத்தாள்: "என் அப்பா 20 வருடமாக விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்."