இம்யூனிட்டி: சட்ட விலக்குரிமை

ஒருவர்மீது வழக்குத் தொடுக்கவோ அவரைக் கைதுசெய்யவோ முடியாதபடி சட்டமே தரும் விலக்குக்கு ‘இம்யூனிட்டி’ என்று பெயர். தமிழில் ‘சட்ட விலக்குரிமை’ சரியாக அமையும். இலங்கைச் சட்டத்தமிழில் ‘விடுபாட்டுரிமை’ என்பார்கள். ‘காப்புரிமை’ என்று எழுதுவது பிழை. அது கண்டுபிடிப்புக்கும் படைப்புக்கும் உரிய சொல். ‘மன்னிப்பு’ம் பொருந்தாது. மன்னிப்பு தண்டனையை நீக்கும். விலக்குரிமை இருந்தால் வழக்கே நடக்காது.

மூலம் லத்தீன் ‘இம்மூனிஸ்’. ‘மூனுஸ்’ என்பது ஊருக்கோ அரசுக்கோ ஆற்றவேண்டிய கடமை. அந்தக் கடமையும் வரியும் இல்லாத நகரங்களையும் ஆட்களையும் ரோமானியர் ‘இம்மூனிஸ்’ என்று குறித்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ இதற்கு மிக நெருங்கிய சொல்: இறை என்றால் வரி, இலி என்றால் இல்லாதது. நோய் எதிர்ப்பாற்றல் என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

பிரிட்டன் அரச குடும்பத்தில் இந்த உரிமை அரியணையில் இருப்பவர் ஒருவருக்கு மட்டுமே. குற்ற வழக்குகள் அவர் பெயரிலேயே நடக்கின்றன. தன் நீதிமன்றத்தில் தானே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க முடியாது என்பது பழைய கோட்பாடு. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க வழிசெய்தது; மன்னரைத் தனிமனிதராக வழக்குக்கு இழுக்க அதிலும் இடமில்லை.

‘அரச குடும்பத்துக்கு விலக்குரிமை’ என்று செய்திகளில் எழுதுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. இளவரசருக்கும் இளவரசிக்கும் அது கிடையாது. எலிசபெத் அரசியின் மகள் ஆன், தன் நாய் இரு குழந்தைகளைக் கடித்ததற்காக 2002-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 பவுண்டு அபராதம் கட்டினார். பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆனவர், இளவரசராக இருந்தபோது 1870-இலும் 1891-இலும் சாட்சிக்கூண்டு ஏறியவர்.

போலீஸ் விசாரணையிலும் அவர்களுக்கு விலக்கு இல்லை. சில வழக்குகளில் முதலில் ‘தாமாக வந்து பதிலளிக்க’ அழைப்பார்கள். சொல்வது சாட்சியமாகலாம் என எச்சரித்துவிட்டே கேள்வி தொடங்கும். கைதாகாதவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நியாயமான சந்தேகமும் அவசியமும் இருந்தால் கைது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம் சாட்டாமல் பொதுவாக 24 மணி நேரம் காவலில் வைக்கலாம், கடுமையான குற்றமென்றால் நீதிமன்ற அனுமதியோடு 96 மணி நேரம் வரை. வாய்திறக்காமல் இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இளவரசர் ஒருவர் பதில் சொல்ல மறுத்தால் அதை விலக்குரிமை என்று எழுதக்கூடாது.

வெளிநாட்டு மன்னர்களுக்கு பிரிட்டனின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அது மன்னரோடு ஒரே இல்லத்தில் வாழும் குடும்பத்தாருக்கும் நீள்கிறது. ஆனால் பதவி போனால் அளவு சுருங்கும். ஸ்பெயினின் முன்னாள் மன்னர் ஹுவான் கார்லோஸ்மீது லண்டனில் நடந்த உரிமையியல் வழக்கில், 2014 ஜூனில் முடிதுறக்கும்வரை செய்தவற்றுக்கே அவருக்கு விலக்குரிமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது.